ஆசியான் நடுநிலையா, ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நிற்கும் கூட்டமா?

#1 கரையோரன்

நண்பர்களே, ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு கேள்வி. ஆசியான் (தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பு) மாநாடு எது நடந்தாலும், அமெரிக்கா, சீனா இருவரில் யார் பக்கமும் சாய மாட்டோம் என்ற பொருளில் ஒரு பேச்சு வந்துவிடும். 2019-இல் பாங்காக்கில் வெளியிட்ட இந்தோ-பசிபிக் கண்ணோட்ட அறிக்கையிலும் அதே தொனிதான்: போட்டி வேண்டாம், ஒத்துழைப்பு வேண்டும்.

நடப்பது என்ன? பிலிப்பைன்ஸ் 2023-இல் அமெரிக்கப் படைகளுக்கு மேலும் 4 இடங்களைத் திறந்துவிட்டது. மொத்தம் 9. அந்தப் பக்கம் கம்போடியாவின் ரீம் கடற்படைத் தளத்தைச் சீனா தன் பணத்தில் விரிவாக்கித் தந்தது. இரண்டு நாடுகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே அறிக்கையில் கையெழுத்து வைக்கின்றன.

இதை நடுநிலை என்று எந்தக் கணக்கில் சொல்கிறோம்? எப்போதாவது நடுநிலையாக இருந்து பிறகு கெட்டுப்போனதா, தொடக்கத்திலிருந்தே இப்படித்தானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சண்டை வேண்டாம்.

#2 வம்புமூட்டை

விலாங்கு மீன் கதைதான். பாம்பைப் பார்த்தா தலையைக் காட்டும், மீனைப் பார்த்தா வாலைக் காட்டும். இங்க பதினொரு விலாங்கு ஒரே தொட்டில கெடக்கு, அவ்ளோதான் வித்தியாசம். இழையைப் பூட்டிடலாம்.

#3 சட்டப்பூனை

பூட்ட வேண்டாம், முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். பாதிக் குழப்பம் அதில்தான் இருக்கிறது.

சர்வதேசச் சட்டத்தில் நடுநிலை என்பது போர்க்காலத்துக்கான நிலை. 1907 ஹேக் உடன்படிக்கைகள் அதன் கடமைகளைச் சொல்கின்றன: சண்டையிடுகிறவனின் படையை உன் மண் வழியே விடாதே, உன் துறைமுகத்தை அவனுக்குத் தளமாக்காதே. நிரந்தர நடுநிலை என்பது அடுத்த படி. சுவிட்சர்லாந்து 1815 முதல், ஆஸ்திரியா 1955 முதல் அப்படி. அணிசேராமை முற்றிலும் வேறு. அது சட்ட நிலையே கிடையாது, ஒரு வெளியுறவுக் கொள்கை. இன்று ஒருவரோடு நெருங்கலாம், நாளை விலகலாம், யாரும் வழக்குப் போட முடியாது.

ஆசியான் ஓர் அமைப்பாக முதல் இரண்டு பொருளிலும் ஒருநாளும் நடுநிலை வகித்ததில்லை. ஆசியானைத் தொடங்கிவைத்த 1967 ஆகஸ்ட் 8 பாங்காக் பிரகடனத்தை எடுத்துப் படியுங்கள். அந்நியத் தளங்கள் தற்காலிகமானவை, அந்தந்த நாட்டின் ஒப்புதலோடு மட்டுமே இருப்பவை என்று ஒரு வரி வரும். 'தளம் கூடாது' என்று எழுதவில்லை. எழுதியிருக்கவும் முடியாது. கையெழுத்திட்ட ஐந்தில் தாய்லாந்தும் பிலிப்பைன்ஸும் அப்போது அமெரிக்கா தலைமையிலான சீட்டோ ராணுவக் கூட்டில் இருந்தவை. தாய்லாந்தின் உதபாவோ தளத்திலிருந்து அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் வியட்நாமுக்குப் பறந்த காலம் அது.

(ஒரு இடைச்செருகல்: சிங்கப்பூருக்காகக் கையெழுத்திட்டவர் எஸ். ராஜரத்தினம். யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர்.)

சட்டப்படியான நடுநிலை இந்த வட்டாரத்தில் முயன்று பார்க்கப்பட்டதற்கு ஓர் உதாரணம் உண்டு. லாவோஸ். 1962 ஜூலை 23, ஜெனீவா. அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், சீனா, வட வியட்நாம் உட்பட 14 நாடுகள் லாவோஸின் நடுநிலையை மதிப்போம் என்று கையெழுத்திட்டன. வட வியட்நாம் லாவோஸ் காட்டு வழியே தன் படைப்பாதையைத் தொடர்ந்தது. அமெரிக்கா 1964 முதல் 1973 வரை 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டுகளை அந்த நாட்டின் மீது போட்டது. கையெழுத்திட்ட எல்லோரும் கடைசி வரை லாவோஸின் நடுநிலையை மதிப்பதாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வெடிக்காத குண்டுகளால் இன்றும் அங்கே ஆட்கள் சாகிறார்கள். காகித நடுநிலையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்த நாடுதான் முதலில் நினைவுக்கு வரும்.

#4 கோலாலம்பூர்வாசி

நல்ல பதிவு. மலேசியத் தரப்பு வரலாற்றை நான் சேர்க்கிறேன், ஏனென்றால் இந்த 'நடுநிலை' என்ற சொல்லையே ஆசியானுக்குள் கொண்டுவந்தது நாங்கள்தான்.

1968 ஜனவரியில் பிரிட்டன் சூயஸுக்குக் கிழக்கே இருக்கும் படைகளைத் திரும்பப் பெறப்போவதாக அறிவித்தது. அதே மாதம் எங்கள் நாடாளுமன்றத்தில், பின்னாளில் துணைப் பிரதமரான துன் இஸ்மாயில் எழுந்து, தென்கிழக்காசியாவை நடுநிலைப் பகுதியாக்கி அதற்கு வல்லரசுகள் உத்தரவாதம் தர வேண்டும் என்று பேசினார். அப்போது துணைப் பிரதமராக இருந்த துன் ரசாக் அதை 1970-இல் லுசாக்கா அணிசேரா மாநாட்டுக்கு எடுத்துப் போனார். மூன்று வல்லரசுகளும், அதாவது அமெரிக்காவும் சோவியத்தும் சீனாவும், காவல் நிற்க வேண்டும் என்பதுதான் மூல யோசனை.

இந்தோனேசியாவுக்கு அது பிடிக்கவில்லை. வெளியாரிடம் உத்தரவாதம் வாங்கினால், வெளியாருக்கு நாமே வாசலைத் திறந்த மாதிரி ஆகாதா என்று கேட்டார்கள். சிங்கப்பூருக்கு வேறு கவலை: எல்லா வல்லரசும் இங்கே நடமாடட்டும், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், எல்லோரும் போய்விட்டால் அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் நாம் தனியாக மாட்டிக்கொள்வோம் என்று. பிலிப்பைன்ஸும் தாய்லாந்தும் அமெரிக்காவை விடத் தயாரில்லை.

இத்தனை இழுபறிக்குப் பிறகு 1971 நவம்பர் 27-இல் கோலாலம்பூர் பிரகடனம் வந்தது. அமைதி, சுதந்திரம், நடுநிலைப் பகுதி. சுருக்கமாக சாப்ஃபான். உத்தரவாதப் பேச்சு காணாமல் போய், வெளியார் தலையீடு இல்லாத பகுதியாக இதை அங்கீகரிக்கச் செய்ய முயல்வோம் என்ற அளவில் நின்றது.

இனிதான் சுவையான விஷயம். அதே 1971, அதே நவம்பர், முதல் தேதி. பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, சிங்கப்பூர் சேர்ந்த ஐந்து நாட்டுப் பாதுகாப்பு ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. ஒரே மாதத்தில், 26 நாள் இடைவெளியில், ஒரு கையால் மேற்கத்திய நாடுகளுடன் பாதுகாப்பு ஏற்பாடு, மறு கையால் நடுநிலைப் பிரகடனம். அந்த ஏற்பாடு இன்றும் உயிரோடு இருக்கிறது, ஆண்டுதோறும் பயிற்சி நடக்கிறது.

கரையோரன் கேட்டதற்கு இதுவே பதில். கெட்டுப்போகவில்லை. பிறந்ததே இப்படித்தான்.

#5 வம்புமூட்டை

ஆக நான் ஒரு வரில சொன்னதை நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு கட்டுரையா எழுதிட்டீங்க. நன்றி.

#6 கோலாலம்பூர்வாசி

இல்லை வம்பு. விலாங்கு ஏமாற்றுகிறது. இங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. சீனாவுக்கும் தெரியும், அமெரிக்காவுக்கும் தெரியும்.

#7 கணக்கன்

எண்களில் பேசலாமா?

சீனா 2009 முதல் ஆசியானின் மிகப்பெரிய வர்த்தகக் கூட்டாளி. 2020-இல் ஆசியான் சீனாவின் மிகப்பெரிய கூட்டாளி ஆனது. ஆனால் நேரடி முதலீட்டில் அமெரிக்கா முன்னணி. ஆசியான் நாடுகள் தங்களுக்குள் செய்யும் வர்த்தகம் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு சொச்சம்தான். அதாவது சரக்கு ஒரு பக்கம், மூலதனம் இன்னொரு பக்கம், தங்களுக்குள் மெல்லிய நூல்.

சிங்கப்பூரின் ஐசியாஸ்–யூசோப் இஷாக் ஆய்வகம் ஆண்டுதோறும் அதிகாரிகள், ஆய்வாளர்கள், தொழில்துறையினரிடம் ஒரு கருத்துக் கணிப்பு எடுக்கிறது. ஒருவரைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்றால் யார் என்று கேட்பார்கள். 2024-இல் சீனா 50.5, அமெரிக்கா 49.5 சதவீதம். 2025-இல் அமெரிக்கா 52.3, சீனா 47.7.

தலைப்புச் செய்தி: 'வட்டாரம் நடுவில் நிற்கிறது.'

நாடுவாரியாகப் பிரித்தால் கதை வேறு. 2024 கணிப்பில் மலேசியாவில் நான்கில் மூன்று பேர் சீனா என்றார்கள். பிலிப்பைன்ஸில் 80 சதவீதத்துக்கு மேல் அமெரிக்கா என்றார்கள். வியட்நாமும் ஏறத்தாழ அப்படியே. லாவோஸ் எதிர்ப்பக்கம். நடுவில் நிற்பவர்கள் குறைவு. இருபக்கமும் சாய்ந்தவர்களைக் கூட்டி வகுத்தால் நடு வருகிறது.

ஒரு கால் கொதிநீரில், மறு கால் பனிக்கட்டியில் இருக்கும் ஆளின் சராசரி வெப்பநிலை நன்றாகத்தான் இருக்கும்.

எச்சரிக்கை: இது மேல்தட்டினரின் கருத்து. பொதுமக்களிடம் கேட்டால் வேறாக வரலாம்.

#8 கரையோரன்

கணக்கன், இது எனக்குப் புது வெளிச்சம். அப்படியானால் ஆசியான் நடுநிலை என்பது ஒரு கொள்கையே இல்லை, பதினொரு சாய்வுகளின் கூட்டல்-கழித்தல் விடை. சாய்வுகள் ஒன்றையொன்று ஈடுகட்டும் வரை பூஜ்யம் வரும். எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால்?

#9 சட்டப்பூனை

அதற்கும் வரலாறு உண்டு. 1978 டிசம்பரில் வியட்நாம் கம்போடியாவுக்குள் நுழைந்தது. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் ஆசியான் வெளிப்படையாக ஒரு பக்கம் நின்றது. சோவியத் ஆதரவு பெற்ற வியட்நாமுக்கு எதிராக, சீனாவோடும் அமெரிக்காவோடும். ஐ.நா. இருக்கை கெமர் ரூஜ் தரப்பிடமே இருக்க ஆண்டுதோறும் ஆதரவு திரட்டியது. தன் மக்களில் லட்சக்கணக்கானோரைக் கொன்ற தரப்பு அது. சீன ஆயுதம் அவர்களுக்குத் தாய்லாந்து வழியாகப் போனது. பதிலுக்குத் தாய்க் கம்யூனிஸ்டுகளுக்குக் கொடுத்துவந்த ஆதரவைச் சீனா நிறுத்தியது.

ஆசியான் மிக ஒற்றுமையாக, மிகத் திறமையாக இயங்கிய காலம் என்று ராஜதந்திரிகள் பெருமைப்படுவது இதைத்தான். அது நடுநிலைக் காலமே அல்ல என்பதைக் கவனியுங்கள். 1991 பாரிஸ் உடன்பாட்டோடு முடிந்தது. 1995-இல் வியட்நாம் உறுப்பினர், 1999-இல் கம்போடியா உறுப்பினர்.

#10 தோணித்துறை

வணக்கம் பிள்ளைகளே. முப்பது வருஷத்துக்கு மேல் சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூமில் இருந்தவன். படித்ததைவிடப் பார்த்தது அதிகம். ஒரு விஷயம் விட்டுப்போகிறது என்று தோன்றியதால் எழுதுகிறேன், பெரிசாக இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

நடுநிலையை எல்லோரும் பேச்சாகவே பார்க்கிறீர்கள். எனக்குத் தெரிந்த நடுநிலை டீசல் மணக்கும்.

2004. மலாக்கா நீரிணையில் கொள்ளைக்காரத் தொல்லை அதிகம். நாங்கள் அந்த வழி போகும்போது ராத்திரி முழுக்கத் தீயணைப்புக் குழாயை இரண்டு பக்கமும் திறந்துவிட்டுக்கொண்டே போவோம், எவனும் கொக்கி போட்டு ஏறக்கூடாது என்று. சிங்கப்பூர் பக்கம் பிலிப்ஸ் கால்வாயில் வழி மூன்று கிலோமீட்டர்கூட அகலம் இல்லை, வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். அங்கேதான் பயம்.

அந்த வருஷம் அமெரிக்காவின் பசிபிக் தளபதி ஒரு திட்டத்தைப் பற்றிப் பேசினார். நீரிணையின் பாதுகாப்புக்கு அமெரிக்கப் படை விசைப்படகோடு வரக்கூடும் என்று செய்தி பரவியது. மலேசியாவும் இந்தோனேசியாவும் ஒரே குரலில் வேண்டாம் என்றன. சும்மா வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன். அந்த ஜூலையிலேயே இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் மூன்றும் சேர்ந்து சொந்த ரோந்தைத் தொடங்கின. அடுத்த வருஷம் விமானக் கண்காணிப்பும் சேர்ந்தது. 2005-இல் லண்டன் காப்பீட்டுக்காரர்கள் நீரிணையைப் போர் அபாயப் பகுதி பட்டியலில் போட்டார்கள், பிரீமியம் ஏறியது, கப்பல் முதலாளிகள் கத்தினார்கள். 2006 ஆகஸ்டில் அவர்களே பட்டியலிலிருந்து எடுத்தார்கள். தாய்லாந்து 2008-இல் வந்து சேர்ந்தது.

என் வீட்டு வாசலில் நீ காவல் நிற்க வேண்டாம் என்று ஒரு பலசாலியிடம் சொல்ல வேண்டுமானால், நான் அங்கே நிற்க வேண்டும். சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்தால் அவன் வந்து நிற்பான், இல்லை அவன் எதிரி வந்து நிற்பான்.

இன்னொன்றும் பாருங்கள். இதைச் செய்தது ஆசியான் இல்லை. அந்தத் தண்ணீர் யார் கரையில் மோதுகிறதோ அவர்கள் மூன்று பேர். லாவோஸின் சம்மதத்துக்குக் காத்திருந்தால் இன்னும் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு போயிருப்போம்.

#11 கணக்கன்

ஐயா, இந்த இழையின் சிறந்த பதிவு இதுதான்.

#12 கோலாலம்பூர்வாசி

மரியாதையோடு ஒரு மறுப்பு, ஐயா. கொள்ளைக்காரனுக்கு விமானந்தாங்கிக் கப்பல் கிடையாது. தென்சீனக் கடலின் ஸ்கார்பரோ திட்டிலோ இரண்டாம் தாமஸ் திட்டிலோ எதிரே நிற்பது சீனாவுடையது, உலகின் மிகப்பெரிய கடலோரக் காவல்படை. 2024 ஜூன் 17-இல் இரண்டாம் தாமஸ் திட்டில் சீனப் படகுகள் மோதியதில் ஒரு பிலிப்பினோ மாலுமி கட்டை விரலை இழந்தார். பிலிப்பைன்ஸ் அங்கே 'நின்று'கொண்டுதான் இருக்கிறது, 1999-இல் கரைதட்டவைத்த துருப்பிடித்த கப்பலில். நின்றும் போதவில்லையே. அதனால்தான் அமெரிக்காவுடனான 1951 பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தத்தைத் தூசு தட்டி எடுக்கிறார்கள்.

#13 தோணித்துறை

சரிதான் தம்பி. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தத் துருக்கப்பலுக்குப் பக்கத்தில் மற்ற ஆசியான் நாடுகளில் எதன் படகாவது வந்து நின்றதா? ஒரு நாள்? நடுநிலை என்று சொல்லிக்கொண்டு கூட்டாளியைத் தனியே விட்டால், அவன் வெளியாளைத்தான் கூப்பிடுவான். கூப்பிட்ட பிறகு 'அவன் நடுநிலையைக் கெடுத்துவிட்டான்' என்று நாமே சொல்வோம்.

#14 வம்புமூட்டை

இப்ப நான் சீரியஸா ஒண்ணு சொல்றேன், யாரும் மயங்கி விழாதீங்க.

2012 ஜூலை, புனோம்பென். கம்போடியா தலைமை. வெளியுறவு அமைச்சர்கள் கூட்டம். ஸ்கார்பரோ திட்டைப் பத்தி ரெண்டு வரி சேர்க்கணும்னு பிலிப்பைன்ஸ் கேட்டுது. தலைமை முடியாதுன்னுச்சு. 45 வருஷத்துல முதல் தடவையா கூட்டறிக்கையே இல்லாம கலைஞ்சாங்க. இந்தோனேசிய அமைச்சர் மார்ட்டி நடாலேகாவா அதுக்கப்புறம் தலைநகரம் தலைநகரமா ஓடி, ஆறு அம்சம் எழுதி வாங்கி மானத்தைக் காப்பாத்தினார்.

2016-ல பிலிப்பைன்ஸ் போட்ட வழக்குல, சீனா தென்சீனக் கடல்ல தனக்குன்னு வரைஞ்ச ஒன்பது கோட்டு எல்லைக்குச் சட்ட அடிப்படை இல்லைன்னு ஹேக் தீர்ப்பாயம் சொல்லிடுச்சு. ஜூலை 12. அதே மாசம் வியன்டியான்ல கூட்டம். அறிக்கையில தீர்ப்பைப் பத்தி ஒரு வார்த்தை? கிடையாது. தன் உறுப்பினர் ஒருத்தர் ஜெயிச்ச வழக்குய்யா அது!

2023-ல ஆசியான் நாடுகள் மட்டும் சேர்ந்து முதல்முறையா கூட்டுப் பயிற்சி. வட நத்துனா கடல்ல நடத்தலாம்னாங்க (தென்சீனக் கடலோட ஒரு பகுதிக்கு இந்தோனேசியா வெச்ச பேரு). சில பேருக்கு அந்தப் பேரே தொண்டையில சிக்குச்சு. கடைசியில தெற்கே தள்ளிப் போய் நடத்தினாங்க.

பெரிய நாட்டுக்கு எல்லாரையும் வளைக்க வேண்டிய அவசியமே இல்ல. ஒருத்தர் போதும். கருத்தொற்றுமைன்னு பேரு வெச்சு ஆளுக்கொரு வீட்டோ கொடுத்தாச்சு, அதுல ஒண்ணை வாடகைக்கு எடுத்தாப் போதும். இதுக்குப் பேரு நடுநிலையா?

#15 சட்டப்பூனை

வம்பு இவ்வளவு நீளமாக எழுதி நான் பார்த்ததில்லை. தரவெல்லாம் சரி. ஒரே திருத்தம்: அதைத் திட்டமிட்டு யாரும் செய்யவில்லை.

கருத்தொற்றுமை விதி வல்லரசுகளை மனதில் வைத்து வந்ததல்ல, ஒருவருக்கொருவர் இருந்த பயத்தில் வந்தது. 1963 முதல் 1966 வரை இந்தோனேசியா மலேசியாவோடு மறைமுகப் போர் நடத்தியது. பிலிப்பைன்ஸ் சபாவைத் தனதென்றது. 1965 ஆகஸ்ட் 9-இல் சிங்கப்பூர் மலேசியாவை விட்டுப் பிரிந்தது. சரியாக ஈராண்டுக்கு ஒரு நாள் குறைவில் இவர்கள் எல்லோரும் ஒரே அமைப்பில். 'என் வீட்டு விஷயத்தில் நீ தலையிடாதே, என்னை மீறி முடிவெடுக்காதே' என்பதே அன்றைக்கு ஒவ்வொருவரும் மற்றவரிடம் கேட்ட உறுதி. 2008-இல் நடைமுறைக்கு வந்த சாசனத்தின் 20-ஆவது பிரிவு அதை எழுத்தில் ஏற்றியது.

அந்த வேலையை அது நன்றாகவே செய்தது. அமைப்பைத் தொடங்கிய ஐந்து நாடுகளும் தங்களுக்குள் போருக்குப் போகவில்லை. உள்ளே பார்த்துப் போட்ட பூட்டு. வெளியிலிருந்து வருகிறவனுக்கும் அதுவே சாவியாகும் என்று 1967-இல் யாரும் யோசிக்கவில்லை.

#16 கரையோரன்

2025 ஜூலையில் தாய்லாந்தும் கம்போடியாவும் எல்லையில் ஐந்து நாள் அடித்துக்கொண்டனவே? உள்ளே பார்த்துப் போட்ட பூட்டும் உடைந்துவிட்டது போலிருக்கிறது.

#17 கோலாலம்பூர்வாசி

உடைந்தது. ஆனால் ஜூலை 28-இல் சண்டைநிறுத்தம் பேசப்பட்ட இடம் எங்கள் புத்ராஜெயா. மலேசியப் பிரதமர் அன்வார் தலைமையில் பேச்சு, அறையில் அமெரிக்கத் தூதரும் சீனத் தூதரும். வெளியே டிரம்ப், சண்டையை நிறுத்தாவிட்டால் வர்த்தக உடன்பாடு கிடையாது என்று இருவருக்கும் தொலைபேசி. யார் நிறுத்தியது என்பதில் ஆளுக்கொரு உரிமை கோரல். பிறகு மீண்டும் மோதினார்கள், அது தனிக்கதை.

நான் சொல்ல வருவது, இரு வல்லரசும் ஒரே அறையில் உட்கார ஒத்துக்கொள்ளும் இடங்கள் உலகில் அதிகமில்லை. ஆசியான் பிராந்திய மன்றம் 1994-இல் தொடங்கியது. வட கொரியாகூட 2000 முதல் அதில் உறுப்பினர். கிழக்காசிய மாநாட்டு மேசையில் அமெரிக்கா, சீனா, ரஷ்யா, இந்தியா, ஜப்பான் எல்லோரும் உண்டு. இந்த மேசையை ஜப்பான் போட்டால் சீனா வராது, சீனா போட்டால் அமெரிக்கா வராது. யாருக்கும் ஆபத்தில்லாத ஆசாமி போட்டதால் வருகிறார்கள். பலவீனம்தான் இங்கே முதலீடு.

#18 வம்புமூட்டை

கல்யாண மண்டப ஓனரும் ஊர்ல எல்லாக் கட்சிக்கும் வேண்டியவர்தான். அவரை யாரும் பஞ்சாயத்துக்குக் கூப்பிடுறதில்ல.

#19 கோலாலம்பூர்வாசி

சிரித்துவிட்டேன். பதில் இல்லை.

#20 கணக்கன்

வரி விஷயத்தை யாரும் தொடவில்லையே. 2025 ஏப்ரல் 2. அமெரிக்கா அறிவித்த இறக்குமதி வரி, சதவீதத்தில்: கம்போடியா 49, வியட்நாம் 46, தாய்லாந்து 36, இந்தோனேசியா 32, மலேசியா 24, சிங்கப்பூர் 10. சீனப் பக்கம் சாய்ந்தவர், அமெரிக்கப் பக்கம் சாய்ந்தவர் என்ற வேறுபாடே பார்க்கவில்லை. பாதுகாப்பு ஒப்பந்தம் உள்ள பிலிப்பைன்ஸுக்கும் விழுந்தது.

பிறகு என்ன செய்தார்கள்? கூட்டாகப் பேசப்போவதாகச் சொல்லிவிட்டு, ஒவ்வொருவராக வாஷிங்டனுக்கு ஓடினார்கள். வியட்நாம் 20-க்கு இறங்கியது. சீனச் சரக்கை வியட்நாம் முத்திரையோடு அனுப்பினால் 40 என்ற நிபந்தனையோடு. பலர் 19-இல் வந்து நின்றார்கள்.

2025 அக்டோபரில் மலேசியா கையெழுத்திட்ட உடன்பாட்டில் ஒரு பிரிவு உண்டு. பொருளாதாரப் பாதுகாப்பு அல்லது தேசப் பாதுகாப்பு என்று காரணம் காட்டி அமெரிக்கா ஒரு மூன்றாம் நாட்டின் மீது கட்டுப்பாடு கொண்டுவந்தால், அதற்கு இணையான நடவடிக்கையை மலேசியாவும் எடுக்க வேண்டும் என்ற பொருளில். மூன்றாம் நாட்டின் பெயர் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. நடுநிலை என்ற சொல்லை ஆசியானுக்குக் கொண்டுவந்தோம் என்ற நண்பரின் கருத்தை அறிய ஆவல்.

#21 கோலாலம்பூர்வாசி

நியாயமான குத்து. இங்கே அதைப் பற்றிப் பெரிய விவாதமே நடந்தது. இறையாண்மையை விற்றுவிட்டார்கள் என்று ஒரு தரப்பு. நமக்கும் அதே கவலை இருக்கும் விஷயங்களுக்கு மட்டும்தான் பொருந்தும், உள்நாட்டுச் சட்டப்படிதான் செய்வோம் என்று அரசு. நான் முதல் தரப்புக்கு நெருக்கம். 1971-இல் படைத்தளத்தைப் பற்றிக் கவலைப்பட்டோம். இப்போது நம்மைக் கட்டிப்போடுவது கப்பலால் இல்லை, ஒப்பந்தப் பிரிவுகளால். சாப்ஃபான் எழுதியவர்களுக்கு இது தோன்றியிருக்காது.

#22 கரையோரன்

அப்போது யார்தான் இதைச் சரியாகச் செய்கிறார்கள்? ஒரு உதாரணமாவது?

#23 சட்டப்பூனை

வியட்நாம் என்பேன். சீனாவோடு ஆயிரம் ஆண்டுப் பகை, 1979-இல் எல்லைப் போர். ஆனாலும் 2023 செப்டம்பரில் பைடன் ஹனோய் வந்தார், உறவை உச்ச நிலைக்கு உயர்த்தினார்கள். டிசம்பரில் ஷி ஜின்பிங் வந்தார். 2024 ஜூனில் புதின் வந்தார். பத்து மாதத்துக்குள் மூவருக்கும் ஒரே நகரத்தில் சிவப்புக் கம்பளம். மூங்கில் ராஜதந்திரம் என்று அவர்களே பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அந்த மூங்கிலின் வேரையும் பாருங்கள். கூட்டணி இல்லை, அந்நியத் தளம் இல்லை என்ற வாக்குறுதிகளை 2019 பாதுகாப்பு வெள்ளை அறிக்கையில் எழுதி வைத்தார்கள். கூடவே பெரிய படை, தென்சீனக் கடலில் தாங்களும் தீவு மேடுகளை வேகமாக நிரப்புகிறார்கள், அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. தோணித்துறை ஐயா சொன்னதுபோல வாசலில் நின்றுகொண்டு வேண்டாம் என்கிறார்கள்.

உக்ரைன் வாக்கெடுப்பில் இதன் மறுபக்கம் தெரிந்தது. 2022 மார்ச் 2, ஐ.நா. பொதுச்சபை. வியட்நாமும் லாவோஸும் வாக்களிக்காமல் ஒதுங்கின. அன்றைய ஆசியானின் மற்ற எட்டு உறுப்பினர்களும் ரஷ்யாவைக் கண்டித்து வாக்களித்தன. சிங்கப்பூர் மட்டும் சொந்தத் தடைகளும் விதித்தது. பெரிய நாடு சின்ன நாட்டின் எல்லையை மாற்றுவதை ஒப்புக்கொண்டால் நாளை நமக்கு யார் என்பது அவர்கள் வாதம். சிங்கப்பூரும் வியட்நாமும் சொன்னது 'நாங்கள் எந்தப் பக்கமும் இல்லை' என்றுதான். சிங்கப்பூர் விதியின் பக்கம் நின்றது, வியட்நாம் யார் பக்கமும் நிற்கவில்லை. நடுநிலைக்குள்ளேயே இந்த இரண்டு வகை உண்டு, ஆசியான் எது என்று இன்றுவரை முடிவு செய்யவில்லை.

#24 தோணித்துறை

இந்தோனேசியாக்காரர்கள் 1948-லேயே இதைப் பேசிவிட்டார்கள். அன்றைய துணை அதிபர் ஹத்தாவின் புகழ்பெற்ற சொல்: இரண்டு பாறைகளுக்கு நடுவே துடுப்புப் போடுவது. கவனியுங்கள், துடுப்புப் போடுவது. பாறைகளுக்கு நடுவே துடுப்பைத் தூக்கி வைத்துவிட்டு மிதந்தால் நீரோட்டம் ஏதாவது ஒன்றில் கொண்டுபோய்ச் சாத்தும். கடலில் இருந்தவன் யாரைக் கேட்டாலும் சொல்வான்.

#25 நெறியாளர்

இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன (தமிழக அரசியலை இழுத்ததால்). தலைப்பிலேயே நிற்கவும். நல்ல இழை.

#26 கரையோரன்

கடைசியாக ஒன்று. 2026-இல் தலைமை பிலிப்பைன்ஸிடம். தென்சீனக் கடல் நடத்தை விதியை மூன்று ஆண்டில் முடிப்பதாக 2023-இல் ஆசியானும் சீனாவும் பேசிக்கொண்டார்கள், அந்தக் கெடுவும் அப்போதே வருகிறது. 2002 பிரகடனத்திலிருந்து இழுக்கிறது. எது தடுக்கிறது?

#27 சட்டப்பூனை

மூன்று முடிச்சு. ஒன்று, எந்தக் கடற்பரப்புக்குப் பொருந்தும்? பாரசெல் தீவுகளும் சேர வேண்டும் என்பது வியட்நாம், 1974-இல் அதன் மேற்குப் பாதியைச் சீனா பிடித்தது. சீனா அதைப் பேசவே விரும்பவில்லை. இரண்டு, சட்டப்படிக் கட்டுப்படுத்துமா, மீறினால் யாரிடம் போவது?

மூன்றாவதுதான் இந்த இழைக்கு நெருக்கமானது. 2018 வரைவில் சீனா ஒரு வாசகம் வைத்தது: வெளிநாடுகளோடு கூட்டு ராணுவப் பயிற்சி நடத்துவதானால் மற்ற தரப்புகளுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், யாராவது ஆட்சேபித்தால் நடத்தக்கூடாது. வட்டாரத்துக்கு வெளியே உள்ள நிறுவனங்களோடு எண்ணெய், எரிவாயு வேலையும் கூடாது. மேலோட்டமாகப் படித்தால் 1971 சாப்ஃபான் வாசகம் மாதிரியே இருக்கும். வெளியார் வேண்டாம், நம் விஷயத்தை நாமே பார்த்துக்கொள்வோம். 'நாம்' என்பதற்குள் யார் யார் இருக்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு.

#28 வம்புமூட்டை

அதாவது நடுநிலைங்கிற வார்த்தையையே எதிராளி எடுத்துக்கிட்டான்.

#29 தோணித்துறை

அந்த வாசகத்தில் பிலிப்பைன்ஸ் கையெழுத்துப் போடாது. போடாவிட்டால் யார் மேல் பழி வரும் என்பதையும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் வந்து பார்க்கிறேன்.